டோரதி ஆன்ட்டியின் காலண்டர்

போன ஞாயிறு, இப்போது நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் புதிதாகத் திறந்த பர்கர் கடைக்கு மகள் இழுத்துக்கொண்டு போனாள். சுவர் முழுக்கப் பழைய காலண்டர் படங்கள். நீச்சலுடையிலும் காற்றில் பறக்கும் பாவாடையிலும் சிரிக்கும் பெண்கள். "மாம், ஸோ க்யூட்!" என்றாள். நான் சுவரில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான புதிதில் ஜெர்சி சிட்டியில் டோரதி என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்தோம். எண்பதை நெருங்கியவர், தனியாள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். எனக்கு நாக்கு எழாது, ஆன்ட்டிதான். வேலைக்குப் போக என் விசாவில் வழியில்லை. கணவர் ரயிலேறியதும் கீழே இறங்கிவிடுவேன். என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர். நான் கொடுக்கும் ரசத்தை சூப் என்று கோப்பையில் ஊற்றிக் குடிப்பார்.

ஒருநாள் துணி துவைக்க பேஸ்மென்ட்டுக்குப் போனபோது, நைந்த அட்டைப்பெட்டி கிழிந்து காலண்டர்கள் சரிந்தன. ஏணியில் பாவாடை மாட்டிக்கொள்ள, தொடை தெரியச் சிரிப்பவள் யாரென்று பார்த்தால், அதே சிரிப்பு, டோரதி!

அவர் மறைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், பத்தொன்பது வயதில் காலண்டர் படத்துக்கு நின்றாராம். போர்முனையில் இப்படிப்பட்ட படங்களைப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தவர்கள், ஊர் திரும்பி மெக்கானிக் கடைகளிலும் சலூன்களிலும் மாட்டினார்களாம். அவருடைய அப்பா வேலை பார்த்த கடையிலும் டோரதியின் படம் ஒன்று தொங்கியது. அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது: "வருஷம் பூரா அந்தப் படம் அங்கேயே தொங்குச்சு. என்னைத்தான் அப்பா வீட்டுக்குள்ள விடல." பின்னால் கிடைத்த பள்ளிக்கூட வேலையும், யாரோ காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டியதில் போயிற்று.

கணவர் இரக்கப்படுவார் என்று நம்பி எல்லாவற்றையும் சொன்ன புத்திசாலி நான்.

"அடுத்த மாசம் அம்மா அப்பா வர்றாங்க. இந்த வீட்லயா தங்க வைக்கறது? நியூபோர்ட் பக்கம் மூவ் பண்ணிடலாம்" என்றார்.

நானும் சேர்ந்து பெட்டி கட்டினேன். ரயிலுக்குப் பக்கமாக இருக்கும் என்று டோரதியிடம் பொய் சொன்னோம். அவர் என்னை மட்டும் பார்த்து, "படத்தாலயா?" என்றார்.

"நோ, நோ, ஆன்ட்டி."

கழுவி வைத்திருந்த என் பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

போய்ப் பார்க்கவேண்டும், பார்க்கவேண்டும் என்றே ஒரு குளிர்காலம் போனது. கடைசியில் போனபோது கதவு பூட்டியிருந்தது. கடிதங்கள் சேர்ந்துகிடப்பதைத் தபால்காரர் கவனித்த பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தார்களாம்; இறந்து நான்கு நாள் ஆகியிருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பேஸ்மென்ட் சாமான்களை மொத்தமாக அள்ளிக் குப்பை லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

வீட்டை இடித்துக் கண்ணாடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று ஒருமுறை இணையத்தில் தேட உட்கார்ந்தேன். அவருடைய குடும்பப் பெயர் எனக்கும் நினைவில்லை, கணவருக்கும் நினைவில்லை.