துணிக்கடையில் நான் கேட்ட கேள்வி

இன்று தி.நகர் துணிக்கடையில் ஒரு பெண், "மேடம், என்னைத் தெரியுதா? உங்ககிட்ட டைவர்ஸுக்கு வந்தேனே!" என்றாள். கையைப் பிடித்தபடி அவள் மகள்.

குடும்ப வழக்கறிஞரின் வாய் சும்மா இருக்குமா? "இந்த வாரம் பாப்பா உங்ககூடயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கியது. "என்ன மேடம், நீங்கதானே எங்களை உக்கார வெச்சுப் பேசி சேத்து வெச்சீங்க? அவர் வண்டியை நிறுத்திட்டு வர்றார்."

நான் சமாளிப்பதற்குள் சிறுமி கேட்டாள்: "அப்போ அடுத்த வாரம் நான் யார்கூடம்மா?"

புடவை எடுக்காமலே இறங்கிவிட்டேன். படியில் எதிரே வந்த அவள் கணவர், "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்று கும்பிட்டார்.

பிரித்துவைத்தவர்களின் முகமெல்லாம் நினைவிருக்கிறது. சேர்த்துவைத்தவர்களின் முகம் மட்டும் தங்குவதில்லை.

வக்கீல் நண்பர்களே, உங்களுக்கும் இப்படியா, இல்லை எனக்கு மட்டும்தானா?