மார்லிஸ் வாங்கிய இரண்டு பைகள்

அந்த ஆகஸ்ட் மாதம் முழுக்க மார்லிஸுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் முதுகுப்பைக்குள் கனத்துக்காக மாடு நக்கும் பெரிய உப்புக்கட்டியைப் போட்டுக்கொண்டு கால்பந்து மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாள். பார்வையாளர் படிக்கட்டில் ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். மத்தியானம் அந்தப் பையை லூதர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்து வருவாள். ஒன்றில் தோள்வார் கடிக்கிறது. இன்னொன்றில் இடுப்புப் பட்டை வழுக்குகிறது. அடுத்தது நடக்கும்போது கிரீச் கிரீச் என்கிறது. அந்தச் சத்தத்தோடு மலைக்குப் போனால் எந்த மான் பக்கத்தில் வரும்?

"யாரு வீட்ல கொள்ளையடிச்சிட்டு ஓடுற மார்லிஸ்?" என்று கீழே நின்று பயிற்சியாளர் ஹாங்க் கத்துவார்.

"உன் வீட்லதான். ஒண்ணும் தேறல!" என்று மூச்சிரைக்கப் பதில் கொடுத்துவிட்டு அடுத்த படியில் கால் வைப்பாள்.

சிரிக்கத்தான் சிரித்தாள். ஆனால் ஏப்ரலில் பிடித்த பயம் அவளை விடவே இல்லை.

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் மார்லிஸைத் தெரியாத பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடச் சமையல்காரி. அவள் கையால் காரமான பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் தின்று வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளை அதே வரிசைக்கு அனுப்புகிறார்கள். மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். துப்பாக்கியை எடுத்தால் குறி தப்பாது. அவள் புருஷன் டெல்மரோ நின்றுகொண்டிருக்கும் முயலைக்கூடத் தப்ப விடுகிற ஆள். ஆனால் சுமப்பான். அப்பப்பா, என்ன சுமை சுமப்பான்! கல்யாண விருந்தில் எழுந்து நின்று, "சுடுறது அவ, சுமக்கிறது நான். குடும்பம் நல்லா ஓடும்" என்று சொன்னவன் அவன்தான். அன்றிலிருந்து ஊர் அவனை மார்லிஸின் கோவேறு கழுதை என்று கூப்பிட்டது. வேறொருத்தனாக இருந்தால் கையை ஓங்கியிருப்பான். டெல்மர் அந்தப் பெயரைத் தொப்பியில் தைத்துப் போட்டுக்கொண்டான். குதிரை உயர எல்க் மானைத் துண்டு துண்டாக முதுகில் சுமந்து மலையிலிருந்து இறக்கி, குளிர்காலம் முழுக்கத் தின்ன உறைபெட்டியை நிரப்புவான். கடையில் கறி வாங்கியதில்லை என்பது அந்த வீட்டின் கர்வம்.

ஏப்ரலில் ஒரு நாள் விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடாரியை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு, "மார்லிஸ், கொஞ்சம் வாயேன்" என்றான். அவன் அப்படி மெல்லக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. மிசோலா நகரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டரும் வேட்டைக்குப் போகிறவர், ஆகவே அவர்கள் பாஷையிலேயே சொன்னார்: "நடங்க. மெதுவா மலையும் ஏறுங்க. லேசான பை சரி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கனம் தூக்கற வேலை மட்டும் கூடவே கூடாது. மான் தொடையைத் தூக்கற நினைப்பை விட்டுடுங்க."

இனிமேல் சுமக்கிறதும் நானே என்று மார்லிஸ் அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள். அதை டெல்மரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருவழியாக ஒரு பை பிடித்தது. அலுமினியச் சட்டம் வைத்தது, சட்டத்தை ஆளின் முதுகுக்குத் தக்க ஏற்றி இறக்கலாம், உப்புக்கட்டி உள்ளே இருப்பதே தெரியாமல் இடுப்பில் உட்கார்ந்தது.

"அப்பாடா!" என்றான் லூதர். "கடைல இருக்கிற பை பூரா உன் முதுகுல ஏறி இறங்கிருச்சு. டெல்மருக்கு எது?"

அவள் ஓரத்தில் தொங்கிய ஒரு சின்னப் பையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதுல ஒரு சாண்ட்விச்சத் தவிர என்ன போகும்?"

"அதான் வேணும். பை சின்னதா இருந்தா தூக்கற ஆசை வராது."

"யாருக்கு, டெல்மருக்கா? போம்மா நீ! அவன் மலைக்குப் போய்க் கைய வீசிட்டு இறங்கற ஆளா? அவனுக்கும் சட்டப் பையே குடு, உள்ள கொஞ்சமா வை. இல்லன்னா என் லாயத்துல நிஜக் கோவேறு கழுதை ரெண்டு சும்மா தின்னுட்டு நிக்குது. ஒரு வார்த்தை சொல்லு, ஓட்டிட்டு வர்றேன்."

"எங்க கறிய இதுவரைக்கும் எவன் மிருகமும் தூக்கினதில்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு பையையும் வாரிக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டில் டெல்மர் சின்னப் பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"நல்லாருக்கு. பென்சில் டப்பா எங்க?"

"கிண்டல் பண்ணாத. மழைக்கோட்டு, தண்ணி பாட்டில், மாத்திரை. உனக்கு அது போதும்."

"என் பழைய சட்டப் பையைக் காணோமே?"

"எலி கடிச்சிருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"ரெண்டு காலு எலியா?"

அவள் உருளைக்கிழங்கை மசிக்க ஆரம்பித்தாள். தட்டு வைக்கும் நேரம் வரை மசித்துக்கொண்டே இருந்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு, பெயர் தைத்த தொப்பியைக் கொக்கியில் மாட்டினான். அதன்பிறகு அந்தத் தொப்பியைப் போடவில்லை. அது அவள் கண்ணில் பட்டது, வருத்தமாகவும் இருந்தது. ஆனாலும் ஆள் உயிரோடு இருந்தால் போதும், கோபமாக இருந்தாலும் பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் மலையேறினார்கள். டெல்மர் ஊதுகுழலில் மான் குரல் கொடுத்தான். கிளைத்த கொம்போடு ஒரு ஆண் எல்க் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து நின்றது. மார்லிஸ் ஒரே குண்டில் சாய்த்தாள். இருவருமாகத் தோலுரித்து, கறியை வெள்ளைத் துணிப்பைகளில் கட்டி நிழலில் தொங்கவிட்டார்கள். ஈரலை மட்டும் துணியில் சுருட்டி டெல்மரின் சின்னப் பைக்குள் திணித்தார்கள். அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பழையபடி பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் அவள் ஒரு பின்னந்தொடையைத் தன் பெரிய பைக்குள் இறக்கினாள்.

"நீ இங்கயே உக்காரு. கரடி வந்தா இந்தக் காபித் தகரத்தத் தட்டு, எனக்குக் கேக்கும். எதையும் தொடாத."

"உத்தரவு, மகாராணி" என்றான் அவன். முகத்தில் சிரிப்பில்லை.

பாதி வழி போவதற்குள்ளேயே பை அவளைப் பின்னுக்கு இழுத்தது. உப்புக்கட்டி வைத்த இடத்தில் இருக்கும், கறி இருக்குமா? குழைந்து சரிந்து பையின் அடியில் போய்ப் புட்டத்தில் இடித்தது. கடவுளே, இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தும் டெல்மர் ஏன் கறியை உயரத் தூக்கிக் கயிற்றால் சட்டத்தோடு இறுக்குவான் என்று அவள் கேட்டதே இல்லை. அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். மலையடியில் நிறுத்தியிருந்த வண்டிக்கு இறங்கிச் சேருவதற்குள் வெயில் மேற்கே திரும்பிவிட்டது. கறியை வண்டியில் போட்டுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காலிப் பையோடு திரும்பி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் காது கொடுத்தாள். தகரச் சத்தம் இல்லை. அதுவும் பயமாக இருந்தது.

இடைவழியில், ஒரு வழுக்குப் பாறைக்கு மேலே, அவனைப் பார்த்தாள். சின்னப் பை முதுகில் தொங்க, மற்றப் பின்னந்தொடையை வெறும் தோளில் போட்டு, கயிற்றால் மார்போடு சுற்றிக் கட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தான். முழங்கால் கிழிந்து ரத்தம். முகம் சாம்பல் நிறம். ஒவ்வொரு அடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் வைத்தான்.

"டெல்மர்! போடு கீழ! போடுடா பாவி!"

ஓடிப்போய்க் கயிற்றைக் கத்தியால் அறுத்தாள். தொடை தொப்பென்று விழுந்தது. அவனை உட்கார வைத்துக் கழுத்தில் விரலை வைத்தாள். ஓடி வந்த மூச்சிரைப்பில் அவளுக்கு நாடி எங்கே தெரியும்?

"நெஞ்சு வலிக்குதா? மறைச்சேன்னா கொன்னு போட்ருவேன்."

"நெஞ்சு வலிக்கல. சத்தியமா. தோள் வலிக்குது. மானம் வலிக்குது."

"தொடாதன்னு சொன்னேன்ல?"

"நீ வரல. பொழுது சாயுது, உன்னைக் காணோம். எங்கயாவது விழுந்து கிடக்கியோன்னு இருந்துச்சு. தேடி வர்றவன் வெறுங்கையோட வருவேனா? பையில இடம் இருந்திருந்தா நாலு துண்டு கறிய முதுகுல போட்டுட்டு ஒழுங்கா வந்திருப்பேன். நீ இடம் குடுக்கல. தோள்ல போட்டேன்."

மார்லிஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஏப்ரலிலிருந்து அழாததையும் சேர்த்து அழுதாள். அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பி, மூச்சு சமமாகும் வரை அவள் அவனை எழவிடவில்லை.

பிறகு தொடையைக் கயிற்றில் கட்டி அவளே மரக்கிளைக்கு இழுத்து ஏற்றினாள். மனித வாடை அடித்தால் கரடி கிட்ட வராது என்று அவன் தன் வியர்வைச் சட்டையைக் கழற்றி அடிமரத்தில் கட்டி, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான்.

"காலைல லூதர் கழுதையோட வருவான். மேல இருக்கிறதையும் இதையும் அது தூக்கட்டும்" என்றாள்.

"உன் கர்வம் என்னாச்சு?"

"கிடக்கட்டும் சனியன்."

தன் பெரிய பையைக் கழற்றித் தரையில் வைத்து, சட்டத்தை அவன் முதுகு நீளத்துக்கு மாற்றினாள். அவனுடைய சின்னப் பைக்குள் துணியில் சுருட்டியிருந்த மானின் ஈரலை எடுத்துப் பெரிய பையில் உயர வைத்துக் கட்டினாள். அவன் சொல்லச் சொல்ல முடிச்சுப் போட்டாள். அவன் தோளில் பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இழுத்துப் பூட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடு. காத்தடிச்சா பறந்துருவேன்."

"போட மாட்டேன். இனிமே பை உன்னோடது. அதுல என்ன வைக்கிறதுன்னு நான்தான் சொல்வேன். சம்மதமா?"

அவன் தோள்வாரை இழுத்துப் பார்த்தான். "சம்மதம்" என்றான்.

அவன் முன்னால் நடந்தான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சின்னப் பையை மாட்டிக்கொண்டு, அவன் மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்தபடி அவள் பின்னால் நடந்தாள். வண்டியை அடைந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. பட்டையை அவிழ்க்க அவள் கை நீட்டினாள்.

"இரு" என்றான் டெல்மர். "கொஞ்ச நேரம் முதுகுலயே இருக்கட்டும்."

வண்டியின் முன்பெட்டியைத் திறந்து மார்லிஸ் அவனுடைய பழைய கோவேறு கழுதைத் தொப்பியை எடுத்தாள். அவனுக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அதை அவன் தலையில் வைத்து இழுத்துவிட்டாள்.