ஒலிண்டாவின் வண்டி

ஒலிண்டா எனக்குப் பெரியம்மா முறை. வெல்டனில் எங்கள் பூர்வகுடி ஆட்களில் ஓடுகிற வண்டி வைத்திருந்தது அவள் ஒருத்திதான். புருஷன் விட்டுப்போன பழைய பிக்அப். பகலில் ஏரிக்கரை விடுதியில் படுக்கைத் துணி துவைப்பாள். விடுப்பு நாளில் யாரையாவது ஏற்றிக்கொண்டு ஆற்றோரப் பாதையில் பேக்கர்ஸ்ஃபீல்ட் ஆஸ்பத்திரிக்குப் போவாள். கீஸ்வில் திருப்பத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். பூட்டன் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் எங்கள் ஆண்களைச் சுட்டுப் போட்ட இடம்.

"நீங்க எப்பவோ ஒருநாள் வர்றீங்க. நான் வாராவாரம் இதைத் தாண்டுறேன். எத்தனை தடவைதான் மனசு கனக்கும்?" என்றாள் ஒருமுறை.

அந்த வருஷம் மலையில் பைன் காய் முற்றியதும் அவள் நாத்தனார் டெல்ஃபினா வந்தாள்.

"அண்ணி, சனிக்கிழமை மலைக்குப் போலாமா?"

"நான் வரல. இடுப்பு விட்டுப்போச்சு."

"உங்களை யாரு கூப்பிட்டா? வண்டியத்தான் கூப்பிட்டேன்."

"அப்ப வண்டிகிட்டயே கேளு."

சொன்னாளே தவிர, சனிக்கிழமை விடியும்போது வண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

மலையில் இறங்கியவுடன் ஒரு மரத்தடியில் சாய்ந்தவள்தான், தூங்கிப்போனாள். நாங்கள் கொக்கிக் கழியால் காய்களை இழுத்துப்போட்டு, நெருப்பில் வாட்டி, கையெல்லாம் பிசினாகக் கொட்டை உதிர்த்தோம். டெல்ஃபினா ஒருதரம் போய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு காலிச் சாக்கைப் போர்த்திவிட்டு வந்தாள்.

பங்கு பிரிக்கும்போது என் மாமா அன்செல்மோ முணுமுணுத்தார். "தூங்குனவளுக்கும் சமபங்கா?"

"நீ நடந்தே வீட்டுக்குப் போறதா இருந்தா சொல்லு, குறைச்சிடலாம்" என்றாள் டெல்ஃபினா.

வெயில் இறங்கியது. அவளை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. டெல்ஃபினா மெதுவாக அவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். புல் வயலில் டிராக்டர் ஓட்டியதோடு சரி, ரோட்டில் ஓட்டியதில்லை.

ஒலிண்டா கண் திறந்தாள். "எங்க போற?"

"ஓட்டப் போறேன்."

"கவுத்துடுவ."

"கவுந்தா எல்லாரும் சேர்ந்துதானே."

ஒலிண்டா சாக்கை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். இறக்கம் முழுக்க அவள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடி இருந்தது.

அதன்பிறகு ஆஸ்பத்திரி ஓட்டத்தில் பாதி டெல்ஃபினாவுடையது. ஒலிண்டாவின் அலுப்பு தீர்ந்துவிடவில்லை. விடுதி வேலை இருந்தது, இடுப்பு வலி இருந்தது. ஆனாலும் சில நாட்கள் அவள் வீட்டிலேயே இருந்தாள். கதவைத் தட்டினால் திறக்கமாட்டாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். நாங்களும் திரும்பி வந்துவிடுவோம்.