ஜாடியில் இறங்கும் வெள்ளி

செம்புத் தகட்டை ஜாடிக்குள் விட்டு ஒரு மூச்சு விட்டிருக்க மாட்டார், அதற்குள் வெளியே எடுத்துவிடுவார். தகட்டில் சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி வெள்ளி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி உள்ளேயே தள்ளிவிட்டு மறுபடி முக்குவார். மறுபடி எடுப்பார். "என்ன, வர்றியா இல்லையா?" என்று ஜாடியை அதட்டுவார்.

பழைய வெள்ளியைச் சுத்தம் செய்வது அவர் தொழில். தெருவில் அவருக்குப் 'பரபரப்பு' என்றுதான் பெயர். பக்கத்துக் கடையில் தைக்கும் எனக்கு, அவரைப் பார்த்துக்கொண்டே ஊசியில் நூல் கோர்க்க வராது. தேநீரை ஆறவிடாமல் குடித்துத் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வார். அந்த மனிதருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! அமிலத்தில் கரைந்த வெள்ளி, செம்பைப் போட்டால்தான் கீழே இறங்கும். செம்பு கரைந்து, தண்ணீரை நீலமாக்கி, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது தன் போக்கில்தான் நடக்கும்.

அன்று ஜாடியில் இருந்தது, இறந்துபோன அவருடைய அத்தானின் வெள்ளி மூக்குப்பொடி டப்பி. இரண்டு மகள்களும் எனக்கு உனக்கு என்று மல்லுக்கு நின்றதால், அதைச் சுத்தம் செய்து உருக்கி ஆளுக்கொரு வளையல் செய்துதரச் சொல்லி அவருடைய அக்கா கொண்டுவந்திருந்தார். "வேற வெள்ளி கலந்தா எனக்குத் தெரியாதுடா. உனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில், "முடிஞ்சுது போ," என்று ஜாடியைத் தூக்கிக் கழிவு வாளியின் மேல் சாய்க்கப் போனார் பரபரப்பு. ஊரார் வெள்ளியின் கழிவெல்லாம் சேரும் வாளி அது. விழுந்தால் எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது.

"உப்புத் தண்ணி விட்டுப் பார்த்தியா?" அக்கா எழுந்துவிட்டார். அவரும் இந்தப் பட்டறையில் வளர்ந்தவர்தான்; வெள்ளி மிச்சமிருந்தால் உப்பில் வெள்ளையாகத் திரளும் என்று அவருக்குத் தெரியும்.

"எவ்வளவு நீலமா இருக்கு பாருக்கா. எல்லாம் இறங்கியாச்சு."

"டப்பிலயே செம்பு கலந்திருந்துதேடா. கரைச்சப்பவே நீலமாத்தானே இருந்துது."

பரபரப்பு ஜாடியைக் கீழே வைத்து, அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டார். வெள்ளை வெளேரென்று திரண்டது. அத்தானில் பாதி இன்னும் அந்தத் தண்ணீரில்தான் இருந்தார். பரபரப்பின் முகம் செத்துவிட்டது.

புதுத் தகடு ஒன்றை மெல்ல ஜாடிக்குள் இறக்கினார். பின்னால் நகர்ந்தார். கை தானாக ஜாடியை நோக்கிப் போயிற்று. பாதியில் நிறுத்தினார். கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு பெஞ்சுக்குப் போய், இரண்டு கைகளையும் அக்காவின் மடியில் வைத்தார்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோக்கா."