தேங்காய் மூட்டையில் வந்த தேள்களுக்குத் தீனி

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குக் கந்தப்பளையில் சொந்த மரக்கறித் தோட்டம், சொந்த லொறி. என் முட்டைக்கோவாப் பாத்தியில் ஓட்டை விழுந்த ஒரு இலையை யாராவது காட்டட்டும், பார்ப்போம். அப்படிப்பட்ட நான் போன வருசம் இரண்டு தேள் வளர்த்தேன்.

எங்கள் குளிரில் நான் தேளைக் கண்டதே இல்லை. கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கிற நானாவுக்குக் குருநாகல் பக்கமிருந்து வந்த தேங்காய் மூட்டையில் இருந்தன இரண்டும். சுண்டுவிரலில் பாதிதான், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. நானா அடிக்கச் செருப்பைக் கழற்றிவிட்டார். நான்தான் காலி டொஃபி போத்தலுக்குள் தள்ளி மூடி, கல்லாப் பக்கம் வைத்தேன். கள்ளநோட்டுப் பார்க்கிற நீல லைட்டு அங்கே எரிந்துகொண்டிருந்தது. அது பட்டதும் இரண்டும் பச்சையாக மின்னின. எழுபது வயசில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"இதுகள நான் கொண்டு போறேன்" என்றேன்.

"ஏன் மொதலாளி, மனுசங்க சகவாசம் சலிச்சுப் போச்சுங்களா?" என்றார் நானா.

வீட்டில் மனைவி போத்தலை எட்டிப் பார்த்தாள். "இதுங்களுக்கும் நான்தான் ஆக்கிப் போடணுமா?"

கொண்டுவரும் வழியிலேயே பெரியது சின்னதை இடுக்கியால் பிடிக்கப் பார்த்திருந்தது. ஆளுக்கொரு போத்தல் கொடுத்து, மண்ணும் மரப்பட்டையும் நனைத்த பஞ்சும் போட்டு, அடுப்படிச் சூட்டில் வைத்தேன். அவித்த முட்டை கொடுத்தேன், நெத்தலித் தலை கொடுத்தேன். இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கரப்பான் குஞ்சைப் பிடித்துப் போட்டேன். அது மண்ணில் இரண்டடி வைத்ததுதான் தாமதம், தேள் பாய்ந்து பிடித்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே விரலை எவ்வளவு ஆட்டினாலும் தேளுக்குத் தெரியாது. விளக்குமாற்றுக் குச்சியால் மண்ணை லேசாகக் கீறினால் உடனே திரும்பும். கண் இருக்கிறது, வேலை பார்ப்பது கால்தான். பிறகு போனில் ஒரு வீடியோவிலும் இதையே சொன்னார்கள். அந்த ஆளுக்கு முன்னாடி கண்டுபிடித்தவன் நான்.

அது தின்பதும் ஒரு தினுசு. சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, வெற்றிலை போடுகிறவர்கள் மாதிரி சக்கையை ஒதுக்கிவிடும்.

கரப்பான் தீர்ந்ததும் தோட்டத்தில் தேடினேன். காலையெல்லாம் குனிந்து தேடியும் ஒரு பூச்சி இல்லை. கடைசியில் லீக்ஸ் பாத்தி ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக்கிளி, எனக்காகவே காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. பெரிய தேளுக்குப் போட்டேன், நன்றாகத் தின்றது. மறுநாள் காலையில் வாலை நீட்டிக் கிடந்தது. தொட்டால் ஒரு கால் மட்டும் இழுத்தது, மத்தியானம் அதுவும் நின்றுபோனது. வெட்டுக்கிளியைப் பிடித்ததற்கு முந்தின நாள்தான் லீக்ஸுக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தோம். அந்த வெட்டுக்கிளிக்குக் குதிக்கத் தெம்பில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மிச்சம் இருந்த சின்னதுக்கு வயிறு ஒட்டிப் போயிருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் மருந்துதான். எதைக் கொடுப்பது? நானா கடையில் மாட்டுத் தவிடும் விற்பது ஞாபகம் வந்தது. நேராகக் கடைக்குப் போனேன்.

"நானா, உங்க தவிட்டு மூட்டையில புழு இருக்கும்ல, கொஞ்சம் குடுங்க."

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் கையில் எடுத்த மாவுப் பக்கற்றை மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"எங்க கடையில ஏதுங்க புழு?" என்றார் நானா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. பிறகு என் காதருகே, "மொதலாளி, தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க."

வெறுங்கையோடு வந்தேன். தேள் பட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. இதுவும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நானாவே வந்தார், கையில் ஒரு நெருப்புப்பெட்டி. திறந்தால் கொழுத்த புழுக்கள்.

"இது நம்ம கடைது இல்லீங்க. பக்கத்துக் கடைது."

பக்கத்துக் கடை தையல் கடை.

ஒரு புழுவைப் போட்டேன். அது மண்ணில் நெளிந்தது. மூன்று தலை போத்தல் மேல் குனிந்திருந்தது, மனைவியுடையதும் சேர்த்து. தேள் அசையவில்லை. பிறகு ஒரு கால் நகர்ந்தது. அப்புறம் முழுசாகத் திரும்பி, புழுவை நடுவில் கவ்விப் பிடித்தது.

"புடிச்சிருச்சு" என்றாள் மனைவி.

நானா மூச்சை விட்டார். "நாளைக்கும் கொண்டாரவா?"

"பக்கத்துக் கடையில இன்னும் இருக்குங்களா?"

"நெறைய இருக்குங்க" என்றார் நானா, போத்தலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.