தீர்த்தம் பட்ட அலுமாரி

பேசாலையில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வீட்டார் அதை வெளியில் சொல்லமாட்டார்கள். மில்ரனின் விஷயத்தில் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. வள்ளத்தில் ஏறிய மூன்று முறையும் குடல் வாய்க்கு வருமளவுக்குச் சத்தியெடுத்தான். கரையில் நின்ற ஊரே பார்த்தது. நாலாம் முறை வள்ளத்துக்குப் பதிலாக மன்னாருக்குப் பஸ் ஏறி, ஒரு கராஜில் ஆட்டோக்களுக்கு ஸ்பிரே பெயின்ற் அடிக்கப் பழகினான். பிறகு அலுமாரிகளுக்கு வந்தான்.

பதினொரு வருடமாக அதுதான் தொழில். மனைவி றெபேக்காவின் தகப்பன் அமிர்தநாயகம், மூன்று வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "அவர் சும்மாதான் இருக்கிறார். பெயின்ற் அடிக்கிறவர்" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. உடம்பு நனையாமல் செய்வது எதுவும் அவருக்கு வேலையாகப் படவில்லை, அவ்வளவுதான். மில்ரனுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மாமனார் வாயால் 'வேலை' என்ற ஒரு சொல் கேட்டால் போதும் என்றிருந்தான்.

சம்மாட்டி புது வீடு கட்டினார். குசினியில் சட்டி பானை வைக்கும் அலுமாரிகளைப் பெயின்ற் அடிக்க மில்ரனிடம் விட்டார். சோளகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும் மாதம் அது. பூச்சில் ஒரு மணல் ஒட்டினாலும் பளபளப்பு போய்விடும். மில்ரன் யன்னல்களை அடைத்து, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்தினான். மரத்தின் துவாரங்களைப் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மெல்லிசாக அடித்து, காயவிட்டு, திரும்பவும் தேய்த்து, திரும்பவும் அடித்தான். ஆறு நாள் போனது. சனிக்கிழமை காலை கடைசிப் பூச்சு முடிந்தபோது கதவில் அவனுடைய முகமூடியின் கிழிசல்கூடத் தெரிந்தது.

பாதர் வந்து வீடு மந்திரிப்பதும் விருந்தும் ஞாயிறு என்றுதான் பேச்சு. பாதருக்கு ஞாயிறு வேறு அலுவல் வந்துவிட்டதால் சனியே வந்துவிட்டார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு குசினிக்குள் நுழைந்து கையை உயர்த்தினார்.

"பாதர், இன்னும் காயேல்ல!" என்று மில்ரன் கத்தினான்.

முகமூடிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைப் பாதர் 'ஆமென்' என்று எடுத்துக்கொண்டு, தாராளமாகவே தெளித்தார்.

பதினேழு துளி. விழுந்த இடமெல்லாம் வெள்ளை பூத்துக் குழிந்தது. மில்ரனுக்கு அழுகை வந்தது. முகமூடி போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"ரெண்டு நாள் தாங்கோ மாமி. தேய்ச்சுப்போட்டுத் திருப்பி அடிக்கிறன்."

மாமியார் பெற்றிசியா நெஞ்சில் கை வைத்தார். "தீர்த்தம் விழுந்த இடத்தையோ? ஆசீர்வாதத்தைச் சுரண்டப் போறியளோ தம்பி?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சம்மாட்டி பாதரை வழியனுப்பப் போய்விட்டார். பாதர்மாரைப் பற்றி ஆயுளில் ஒரு குறை சொன்ன மனிதரல்ல அவர். பிரசங்கம் ஒரு மணித்தியாலம் இழுத்தாலும் "நல்லாச் சொன்னார்" என்றுதான் வீடு வருவார்.

ஞாயிறு விருந்துக்கு இன்னொரு சம்மாட்டியான லோறன்ஸ் வந்தார். குசினியை எட்டிப் பார்த்தார்.

"என்ன அமிர்தம், புது அலுமாரிக்கு அம்மை போட்டிருக்கு? ஆர் இந்தக் கூத்தடிச்சது?"

சோடாப் போத்தல்களோடு வாசலில் நின்ற மில்ரன் நிலத்தைப் பார்த்தான்.

அமிர்தநாயகம் எழும்பிப் போய், துளி படாத ஒரு கதவில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். பிறகு வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என்ர மருமகன். அவர்ர வேலையில ஒரு பிழையும் இல்லை. பாதர்தான் அவசரப்பட்டிட்டார்."

மில்ரன் போத்தல்களைக் கீழே வைத்தான். பெற்றிசியா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.