மெதுவாகப் போனால் வெடிக்கும்

ஒரு சந்தி முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். படுக்க வைத்ததே நான்தான்.

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். இப்போதுதான் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது... அதுவும் அரைச் சிரிப்புத்தான். காலை நேரம், எங்கள் நாரந்தனைச் சந்தி. மீன் வாங்குகிறவர்கள், பேப்பர் பார்க்கிறவர்கள், ஒரு வேலையுமில்லாமல் நிற்கிறவர்கள். நான் புதிதாக வாங்கிய — அதாவது எனக்குப் புதிய, மற்றபடி நாலைந்து பேரிடம் கைமாறிய — மோட்டார் சைக்கிளில் வந்து, திரும்புவதற்காக அக்சிலேற்றரை விட்டேன்.

படார்!

அடுத்த விநாடி சந்தியில் ஓர் ஆள் நிற்கவில்லை. எல்லோரும் தரையில். மீன்காரர் கூடைக்குப் பின்னால். பேப்பர் பார்த்தவர் பேப்பருக்குக் கீழே. பிறகு ஒவ்வொரு தலையாக மெல்ல நிமிர்ந்தது.

"மாஸ்டர், உங்கடை மோட்டச் சைக்கிளே? ஐயோ... சீவன் போட்டுது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான். இந்தக் காலத்தில் சத்தத்துக்கு விளக்கம் கேட்டுவிட்டு யார் படுக்கிறார்கள்? முதலில் படுக்கை. விளக்கம் பிறகு.

அதை எனக்கு விற்றவர் ஜேர்மனிக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். "அண்ணை, சாமான் எல்லாம் ஒறிஜினல். ஒரு உதையிலை ஸ்டார்ட் வரும்" என்றார். வந்தது. திறப்பு, அதாவது சாவி, போடுகிற இடம் மட்டும் கொஞ்சம் விசித்திரம். கைப்பிடிக்குப் பக்கத்தில் இல்லை, பெற்றோல் தாங்கிக்குக் கீழே, இடது பக்கம். அதனால் என்ன என்று வாங்கி வந்துவிட்டேன். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிற எல்லோரும் அது ஓடுமா என்றுதான் கேட்கிறோம். எப்படி நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை!

ஓடும்போது அது தங்கக் கம்பி. ஒரு முனகல் இல்லை. வேகத்தைக் குறைக்க அக்சிலேற்றரை விட்டால்தான் — படார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி, யாழ்ப்பாணம் போகிற ரோட்டில் ஓர் ஆமிச் சென்றி, காவலரண். ரோட்டுக்குக் குறுக்கே பீப்பாக்கள், ஓரத்தில் மணல் மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவில் ஒரு துவக்கு. முதல் பீப்பாவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

வேகமாகப் போனால் அவர்கள் சுடுவார்கள். மெதுவாகப் போனால் மோட்டார் சைக்கிள் சுடும்.

போகாமல் விட்டிருக்கலாமே? விட முடியாது. மாமிக்கு — என் மனைவி வசந்தியின் அம்மாவுக்கு — இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஒரு கண் அறவே இல்லை. மற்றதில் நிழல் மட்டும் ஆடும். கண் வெட்டுகிற டொக்டர் கொழும்பிலிருந்து வரவேண்டும். வந்தால் வந்தார். எத்தனையோ தவணை தவறிப்போய், கடைசியில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒரு திங்கட்கிழமைக்கு மாமியின் பெயர் விழுந்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது? ஒருவருக்கும் தெரியாது.

பஸ் நின்றுபோயிருந்தது. வாடகைக் கார்க்காரர், "விடியக்காலமை அந்தச் சென்றியாலை என்னாலை வர ஏலாது மாஸ்டர், பிள்ளையள் இருக்கு" என்று கையை விரித்துவிட்டார். கராச்சில் காட்டலாமே என்கிறீர்களா? ஊர்காவற்றுறைக் கராச்காரர் கராச்சைப் பூட்டிவிட்டுக் கனடா போய்விட்டார். மற்றக் கராச்கள் எல்லாம் சென்றிக்கு அங்காலை!

ஆக, நான்தான் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பிக்கிற மெக்கானிக்.

சனிக்கிழமை முற்றத்தில் சாக்கை விரித்தேன். முதலில் பிளக். புதிதாக ஒன்று போட்டேன். படார். அடுத்தது காபரேற்றர். கழற்றி, பெற்றோலில் கழுவி, பூட்டி முடித்தபோது சாக்கில் ஒரு திருகாணி மிச்சம் கிடந்தது. அது எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படார். வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டார்.

"மாஸ்டர், வெடிக்க விட முந்தி ஒருக்காச் சொல்லுங்கோ! சுளகோடை அரிசி எல்லாம் கொட்டுண்டு போச்சு!"

பிறகு பொயின்ற், தீப்பொறிக்குக் கரண்டு வெட்டுகிற இடம். சவர பிளேட்டை நடுவில் வைத்து இடைவெளி பார்க்கவேண்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம். பார்த்தேன். அதற்குப் பிறகு ஸ்டார்ட்டே வரவில்லை. பழையபடி ஆக்குவதற்குள் பொழுது சரிந்துவிட்டது.

மாமி குசினி வாசலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். கலியாணம் நடந்த நாளிலிருந்து மாமி மருமகனோடு நேரே பேசியதில்லை. மரியாதை! இடையில் வசந்திதான் டெலிபோன் கம்பி.

"பிள்ளை, அவர் தேத்தண்ணி குடிச்சிட்டாரோ எண்டு கேள்."

நான் மாமிக்கு ஒரு முழத் தூரத்தில் இருப்பேன். வசந்தி என் பக்கம் திரும்பி, "குடிச்சிட்டீங்களோ?" என்பாள்.

"குடிச்சிட்டன் எண்டு சொல்லும்."

அன்றும் கம்பி வழியாகத்தான் செய்தி வந்தது. "பிள்ளை, ஏலாட்டில் விடச் சொல்லு. கண் இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு ஒண்டு நடந்தால்..."

எனக்குப் பயம். ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை யோசித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகத் திருத்திய பொருள் ஒன்றே ஒன்று... சைக்கிள் டியூப். காற்று எங்கே போகிறது? தண்ணீரில் அமுக்கு, குமிழி வரும். சரி, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை இதற்கும் செய்தால் என்ன? வசந்தியிடம் சவர்க்கார நுரை கேட்டேன். "மோட்டச் சைக்கிளைக் குளிப்பாட்டப் போறியளோ?" என்றாள். ஆனால் சட்டியோடு வந்தாள்.

எஞ்சின் சூடேற முந்தி ஸ்டார்ட் செய்து, மூட்டு மூட்டாக நுரையைத் தடவினேன். ஓரிடத்திலும் ஒன்றுமில்லை. கடைசியில், புகைக்குழாய் எஞ்சினோடு சேருகிற கழுத்தில், பொசு பொசுவென்று குமிழி!

கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கவேண்டிய வளையத்தைக் காணோம். அந்த ஓட்டையால் காற்றுப் புகுந்துதான் இத்தனை வெடியும். பழைய செப்புக் கம்பியை வளைத்து, சுத்தியலால் தட்டி, ஒரு வளையம் செய்து போட்டு இறுக்கினேன். சந்திக்கு ஓட்டினேன். நான் வருவதைக் கண்டதும் இரண்டு பேர் முன்கூட்டியே குந்திவிட்டார்கள். அக்சிலேற்றரை விட்டேன்.

சத்தம் இல்லை. திரும்பவும் போய்த் திரும்பவும் வந்தேன். இல்லை! குந்தியவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

திங்கள் விடிந்தது. மாமி ஒரு பையும் குடையுமாகப் பின்னால் பக்கவாட்டில் ஏறி இருந்தார். பிடித்துக்கொண்டது கரியரை. மருமகனின் தோளையா பிடிப்பது? வசந்தி வேலிப் படலையைத் திறந்துவிட்டாள்.

தூரத்தில் பீப்பாக்கள் தெரிந்தன. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. அந்த வளையம் நான் செய்தது. என் கைவேலையை நானே எப்படி நம்புவது? அப்போது மூளையில் ஒரு மின்னல். எஞ்சினே ஓடாவிட்டால் எப்படி வெடிக்கும்? இடது கையை விட்டுத் திறப்பை மூடினேன். கியரில் இருந்தபடியே மோட்டார் சைக்கிள் சத்தமில்லாமல் உருண்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எதிர்க்காற்று. பாதி வழியிலேயே வேகம் செத்துவிட்டது. சென்றியில் நின்றவன் வா வா என்று கை காட்டினான். நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டால் என்ன நினைப்பான்? அவசரமாகத் திறப்பைத் திரும்பத் திறந்தேன்.

சந்தியில் வெடித்ததெல்லாம் வெடியே இல்லை. இதுதான் வெடி. சைலன்சர் வாயில் நெருப்பே வந்ததாம்.

சென்றியில் கை காட்டியவன் மறைந்துபோனான். துவக்கு மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது. சைக்கிள் தள்ளிக்கொண்டு போனவர்கள் சைக்கிளோடு விழுந்து கிடந்தார்கள். யாரோ எனக்குத் தெரியாத பாஷையில் கத்தினார்கள். நான் பிரேக்கை அமத்தி நின்றுவிட்டேன், ஆனால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் வெடித்தால் முடிந்தது கதை. திறப்பை மூடு, மூடு... மனதில் அது ஒன்றுதான். என் இடது கை தாங்கிக்குக் கீழே போனது.

யோசித்துப் பாருங்கள். வெடிச்சத்தத்தோடு வந்தவன் குனிந்து கீழே எதையோ எடுக்கிறான். அங்கேயிருந்து பார்க்கிறவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

"டேய்! எடடா கையை! தூக்கடா மேலை!"

மாமி!

கீழே குதித்து, என் இடது கையை இரண்டு கையாலும் பிடித்து வானத்துக்கு இழுத்தார். கிளச் விடுபட்ட மோட்டார் சைக்கிள் ஒரு குதி குதித்து, அணைந்து, என்னோடு வலப்பக்கம் சரிந்தது. சைலன்சர் என் காலில் சுட்டது. நான் கத்தவில்லை, அசையவில்லை. என் கை மட்டும் மாமியின் பிடியில் மேலே நின்றது.

மாமி துவக்கைக் கண்டிருக்க முடியாது. ஏதோ இழுபடுகிற 'கிளிக்' சத்தம் காதில் விழுந்ததாம். அந்த நேரம் பார்த்து என் தோள் நிழலாகச் சரிந்ததாம். இதெல்லாம் பிறகு வசந்தி மூலம் அறிந்ததுதான்.

சென்றிக்குப் பொறுப்பான பெரியவர் ஒருவர் வந்தார். என்னை எழும்பச் சொன்னார், பையைக் கொட்டிப் பார்த்தார், மாமியின் கண்ணைப் பார்த்தார், கடைசியாக மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். திறப்பை மூடித் திறந்து, "பூம்!" என்று கையால் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். ஓடும்போது மூடினால் எரியாத பெற்றோல் எல்லாம் சைலன்சருக்குள் போய் நிரம்பிவிடுமாம். திரும்பத் திறந்தால் அத்தனையும் ஒரேயடியாகப் பற்றுமாம். இங்கிலிஷில் எனக்கு ஒரு பாடம் நடத்திவிட்டுப் போகவிட்டார். வெடிக்கக்கூடாது என்று நான் செய்த கெட்டித்தனம்தான் வெடித்தது... பயத்தில் வருகிற மூளைக்கு எப்போதும் இதுதான் வேலை.

கடைசிப் பீப்பாவைத் தாண்டியதும் மாமி குடையைப் பார்த்துச் சொன்னார்.

"கால் பொங்கிப் போச்சு. ஆசுப்பத்திரியிலை மருந்து போடவேணும்."

குடைக்குப் பதிலாக நான் "ஓம்" என்றேன்.

நேரத்துக்குப் போய்விட்டோம். கண் வெட்டினார்கள். கட்டு அவிழ்த்து, ஆறி, போன கிழமைதான் கண்ணாடி கிடைத்தது. தடித்த கண்ணாடி. வரும் வழியெல்லாம் மாமி மரம், மாடு, கடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சென்றியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். மூட்டைக்குப் பின்னால் அதே ஆமிக்காரன். எங்களை அடையாளம் கண்டு, வெட்கத்தோடு ஒரு சிரிப்புச் சிரித்தான்.

மாமி நின்றார். கண்ணாடியைச் சரிசெய்து அவனை வடிவாகப் பார்த்தார். கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தார். குடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு நிண்டதும் இவன்தானோ?"

"ஓம் மாமி."

"மீசைகூட முளைக்கேல்லை. கை நடுங்குது... இந்தப் பயந்த பிள்ளையின்ரை விரலிலையே தம்பி, என்ரை மகளின்ரை தாலி தொங்கினது?"

மோட்டார் சைக்கிளில் ஒரு பழுதும் இல்லை. இருந்தும், அன்று வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம்.